பின்னியது அவர்தான்

கல்யாணமாகிச் சிதம்பரத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மத்தியானக் காப்பியை எடுத்துக்கொண்டு போய் அறைக் கதவைத் தள்ளினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. வீட்டில் இருப்பதே மூன்று பேர். அவர், அவருடைய அம்மா, நான். பட்டப்பகலில் ஒரு மனிதர் எதற்காகக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்? தட்டினேன். உள்ளே கம்பி எதுவோ தரையில் விழுந்து கிணிங்கென்று உருண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. அவர் முகத்தில் ஒரு அசட்டுச் சிரிப்பு. கட்டில்மேல் தலையணை கோணலாகக் கிடந்தது. அதற்கடியிலிருந்து நீல நூல் ஒன்று இறங்கித் தரையில் ஓடி மேஜைக்குக் கீழே போய் மறைந்திருந்தது.

"அது என்னங்க நூலு?"

"ஒண்ணுமில்ல. காப்பியக் குடு."

நான் விடவில்லை. தலையணையைத் தூக்கிவிட்டேன். முனை ராவிய இரண்டு சைக்கிள் கம்பிகள். அவற்றில் ஒரு முழ நீளத்துக்கு மஃப்ளர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கண்ணி கூடக் கோணாமல், கடையில் வாங்கியது மாதிரி இருந்தது. யார் பின்னியது என்று நான் கேட்பதற்குள் அவரே, "நான்தான்" என்றார். திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில் சொன்னார்.

அப்புறம் காப்பியைக் குடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவர் பட்டாளத்தில் இருந்தவர். வடக்கே மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து வலது கை நசுங்கிவிட்டது. எலும்பு கூடினாலும் விரல்கள் மடங்கவில்லை. மிலிட்டரி ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இரண்டு ஊசியையும் ஒரு உல்லன் உருண்டையையும் மடியில் போட்டு, விரல் வேணுமென்றால் பின்னு என்று சொல்லியிருக்கிறாள். முதலில் அவமானமாக இருந்ததாம். பக்கத்துக் கட்டிலில் ஒரு சர்தார் தாடியோடு உட்கார்ந்து சாக்ஸ் பின்னுவதைப் பார்த்த பிறகு வெட்கம் விட்டுப்போனதாம். ஒரு குளிர்காலம் முழுக்கப் பின்னியதில் விரல்கள் மடங்க ஆரம்பித்தன. பட்டாளத்திலிருந்து விடுவித்து அனுப்பியதும் அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக ஆபீஸில் வேலை கிடைத்து, அந்தச் சின்னக் குவார்ட்டர்ஸுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கையெழுத்து அழகாக வந்தது. ஆனால் மழை, பனி என்று வந்துவிட்டால் விரல்கள் மறுபடி கட்டைபோல ஆகிவிடும். பின்னினால்தான் இளகும்.

"இதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?" என்றேன்.

பதில் வாசற்படியிலிருந்து வந்தது. அத்தை நின்றுகொண்டிருந்தார்.

"பாத்துட்டியா? சரி, எப்பவாவது பாக்கவேண்டியதுதான். ஆனா வெளியில சொல்லிடாதம்மா. பட்டாளத்துல இருந்து வந்தவன் பொம்பள வேலை செய்யறான்னு இந்தக் குவார்ட்டர்ஸே சிரிக்கும். யாராச்சும் கேட்டா நீ பின்றேன்னு சொல்லிடு."

"எனக்கு ஒரு முடிச்சுக்கூடப் போடத் தெரியாதே அத்தை."

"உன்ன யாரு பின்னிக் காட்டச் சொல்லப்போறாங்க?" என்று சொல்லிவிட்டு அத்தை டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தலைதீபாவளிக்கே கிடைத்துவிட்டது.

என் பிறந்த வீடு கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில், கோயிலுக்குப் பின்னால். அண்ணன் ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தான். அக்காவை நெய்வேலியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் தலைப்பிரசவத்துக்கு வந்து அம்மாவோடு இருந்தாள். தை மாசத்தில் பிறக்கும் என்று கணக்கு. நாங்கள் போய் இறங்கியபோது ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை, தீபாவளிக் குளியல் முடிந்ததும், அவர் பையைத் திறந்தார். அண்ணனுக்கு அந்த நீல மஃப்ளர், அம்மாவுக்கு ஒரு சாம்பல் நிறச் சால்வை, அக்காவுக்குக் காலுறை. எனக்கு, யாருக்கும் காட்டாமல் அவர் பின்னி வைத்திருந்த ரோஸ் நிற ஸ்வெட்டர். பட்டாளத்துச் சிநேகிதர் ஒருவர் மூலமாக வரவழைத்த நூல். கன்னத்தில் வைத்தால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும்.

"எல்லாம் உங்க தங்கச்சி கைவேலை" என்று அவர் அண்ணனிடம் கூசாமல் சொன்னார்.

அண்ணனுக்குத் தாங்கவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடினான். காலை பலகாரம் முடிவதற்குள் பக்கத்து வீட்டு அம்மாமார்கள் நாலு பேர் கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சால்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அதில் ஒருத்தி, "எங்க, ஒரு வரி பின்னிக் காட்டேன், நாங்களும் கத்துக்கறோம்" என்றாள். அண்ணன் கடைக்கு ஓடிப்போய் இரண்டு புதுக் கம்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். கம்பியை எந்தக் கையில் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவரைப் பார்த்தேன்.

பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவளுக்கு கையில சுளுக்கு."

"சுளுக்கா? கார்த்தால அவதானே மச்சான் முறுக்கு பிழிஞ்சா!"

"அதனாலதான் சுளுக்கு" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது, "ஒண்ணு, உண்மையச் சொல்லுங்க. இல்லேன்னா எனக்குக் கத்துக்குடுங்க" என்று சொன்னேன். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

அப்படி ஆரம்பித்ததுதான் எங்கள் வீட்டு மழைக்காலம். அவர் ஆபீஸிலிருந்து வந்ததும் பின்கட்டு வராந்தாவில் பாயைப் போட்டு உட்காருவோம். கூரை ஓட்டிலிருந்து மழைத்தண்ணீர் வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கும். அத்தை மொச்சை உரிப்பார். இல்லையென்றால் வறுத்த வேர்க்கடலையை முறத்தில் போட்டுத் தேய்ப்பார். என் விரலைப் பிடித்து அவர் நூலைச் சுற்றிக் காட்டுவார். நான் இழுத்துப் பிடித்துப் பின்னுவேன். கண்ணி இறுகிக் கம்பி நகராது. "கயித்துக் கட்டிலா கட்டற? விட்டுப் பிடி" என்பார். நான் முதன்முதலில் முடித்த துண்டு ஒரு பக்கம் சாண் அகலம், இன்னொரு பக்கம் முழ அகலம். அத்தை அதை வாங்கிப் பார்த்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே சோற்றுப் பானையை இறக்கக் கைப்பிடித் துணியாக்கிக்கொண்டார். அதற்காக நான் கோபித்துக்கொண்டதும், அவர் சிரித்துச் சிரித்து இருமியதும், அந்த மழையும் மிளகு ரச வாசனையும் சேர்ந்து, புக்ககம் என்கிற பயமே எனக்குப் போய்விட்டது. கார்த்திகை தீபம் வருவதற்குள் கோணாமல் நேராகப் பின்ன வந்துவிட்டது. நேராக மட்டும்தான். குறுக்குவதும் வளைப்பதும் அவருக்குத்தான் வரும்.

தீபத்துக்கு அகல் ஏற்றி, அது மழையில் அணைந்து, மறுபடி ஏற்றி முடித்த வாரம். காலையில் ஆபீஸுக்குப் போன மனிதர் போன வேகத்தில் நனைந்துகொண்டு சைக்கிளில் திரும்பி வந்தார். கடலூரிலிருந்து ஆபீஸுக்கு டிரங்கால் வந்திருந்தது. பேசியது அண்ணன். அக்காவுக்கு முந்தின நாள் வலி எடுத்து ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. எட்டாம் மாசம்.

"குழந்தை உசுரோட இருக்குதா?" என்று அத்தைதான் முதலில் கேட்டார்.

"இருக்குது. ஆனா ரொம்பச் சின்னதாம். உடம்புல சூடு நிக்க மாட்டேங்குதாம். பஞ்சுல சுத்தி வச்சிருக்காங்க. டாக்டரம்மா உல்லன் குல்லாவும் காலுறையும் உடனே வேணும்னு சொல்லியிருக்காங்க. பெரிய குழந்தைக்கு உள்ளதுதான் கடையில கிடைக்குதாம்." அவர் என்னைப் பார்த்தார். "உங்கண்ணன் உன்னப் பின்னி எடுத்துக்கிட்டு வரச் சொல்றாரு. 'எந் தங்கச்சி கைவேலைக்கு இது எம்மாத்திரம்'னு சொன்னாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது என்ன பிரயோசனம்? வீட்டில் இருந்த நூலெல்லாம் பட்டாளத்துப் பச்சை நூல். பெரியவர்களுக்கே உடம்பில் குத்தும். பிறந்த குழந்தையின் தோலுக்கு ஆகாது. நான் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து என் ரோஸ் ஸ்வெட்டரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

"இதப் பிரிங்க."

"ஒரு தடவகூட நீ சரியா போட்டுக்கலையே."

"பிரிங்கன்னா."

ஸ்வெட்டர் கழுத்திலிருந்த முடிச்சைத் தேடி அவர் அறுத்தார். நான் இழுத்தேன். கரகரவென்று வரிவரியாகப் பிரிந்து வந்தது. பிரித்த நூல் சுருண்டு சுருண்டு நின்றது. அப்படியே பின்னினால் மேடும் பள்ளமுமாகும். அத்தை இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினார். ஆவியில் நூலைக் காட்டக் காட்ட, சுருள் விட்டு நீண்டது. நாற்காலிக் காலில் சுற்றிக் காயவைத்து உருண்டையாக்கினோம். அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ஒரு வரிகூடப் பின்னவில்லை.

"ரயில்லதான் பின்னணும்" என்றேன்.

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். ரயில் என்றால் ஊரே இருக்கும். ஆபீஸ்காரர்கள் இருப்பார்கள், பையன்கள் இருப்பார்கள். அத்தை அடுப்பிலிருந்து இட்லிப் பானையை இறக்கி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். சைக்கிள் கம்பிகளை எடுத்து மகன் சட்டைப் பையில் தானே செருகினார்.

"பாக்கறவன் பாக்கட்டும்டா. புள்ள உசுர விடவா? நானும் வரேன், கிளம்புங்க."

ரயில் பெட்டியில் ஈர வாடையும் பீடிப் புகையும். ஜன்னலோர இடம் கிடைத்தது. அவர் உட்கார்ந்தார், கம்பியை எடுத்தார், முதல் கண்ணியைப் போட்டார். எதிரே இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கதவோரம் நின்றிருந்த இரண்டு காலேஜ் பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "சார், அடுத்தது கோலமா?" என்றான் ஒருவன். எனக்குக் காது சுட்டது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணிகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளைத் தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர் ஒருவர் குடையை உதறிக்கொண்டு ஏறினார். எங்களுக்கு எதிரே இடம் பிடித்து உட்கார்ந்து, சற்று நேரம் என் வீட்டுக்காரர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பினாங்கு போற கப்பல்ல நான் இதப் பாத்திருக்கேன். அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் பாக்கறேன். ஓஞ்ச நேரத்துல மாலுமிங்க வரிசையா உக்காந்து இதத்தான் செய்வாங்க. மீசைக்காரனுங்க ஒவ்வொருத்தனும்! யாருக்கு இது?"

"இவ அக்கா குழந்தைக்குங்க பாய். எட்டாம் மாசத்துல பொறந்துடுச்சு. ஆஸ்பத்திரியில சூடு இல்லாம கிடக்குது."

பெரியவர் குனிந்து, ஈரத் தரையில் உருளப் பார்த்த நூல் உருண்டையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "நான் பிடிச்சுக்கறேன், நீங்க ஜோலியப் பாருங்க" என்றார். அதற்கப்புறம் அவர் நூல் கேட்கும்போதெல்லாம் பெரியவர் பதமாக விட்டுக்கொண்டே வந்தார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் வேறொரு சங்கடம் வந்தது. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. கதவோரம் நின்ற பையன்களில் ஒருவனே வந்து ஜன்னலை இறக்கிவிட்டான். ஆனாலும் குளிர் உள்ளே வந்தாயிற்று. அவருடைய கை வேகம் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. வலது கை விரல்கள் மடங்கவில்லை. முகம் வெளுத்துப்போய், "வரலடி" என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நான் அவர் கையிலிருந்து கம்பியை வாங்கினேன். குல்லாவின் கீழ்ப்பாதி வெறும் நேர்ப்பின்னல்தான். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. கயிற்றுக் கட்டில், விட்டுப் பிடி, கயிற்றுக் கட்டில், விட்டுப் பிடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பின்னினேன். அத்தை தன் மகனின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். எதிர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி பிளாஸ்கிலிருந்து சூடான சுக்குக் காப்பியை ஊற்றிக் கொடுத்து, "குடிக்கறதுக்கு முன்னாடி கையில வச்சிக்கச் சொல்லுங்க" என்றாள். ஆற்றில் தண்ணீர் ஜாஸ்தி என்று ரயில் பாலத்துக்கு முன்னால் நின்றது. எல்லோரும் அலுத்துக்கொண்டார்கள். எனக்கோ அது தெய்வம் நிறுத்தியது மாதிரி இருந்தது. வரிமேல் வரியாக ஏறிக்கொண்டே போனது. ஒரு கண்ணி நழுவவில்லை.

ரயில் நகர்ந்தபோது அவர் விரலை நீட்டி மடக்கிப் பார்த்தார். "குடு, உச்சிய நான் குறுக்கறேன்." கொடுத்தேன். என் பின்னலை ஒரு நிமிஷம் விரலால் தடவிப் பார்த்தார். "எங்க நான் விட்டேன், எங்க நீ ஆரம்பிச்சேன்னு எனக்கே தெரியல" என்றார். எனக்கு வாழ்நாளில் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வந்தபோது குல்லாவை மடித்துப் பக்கத்தைத் தைக்கிற வேலை மட்டும்தான் பாக்கி. பெரியவர் உருண்டையை என் கையில் கொடுத்து, "அல்லா லேசாக்கி வைப்பான், போங்கம்மா" என்றார்.

பிளாட்பாரத்தில் அண்ணன் குடையோடு நின்றிருந்தான். கழுத்தில் நீல மஃப்ளர். ராத்திரியெல்லாம் தூங்காத கண்கள். நாங்கள் இறங்கியதும் என் கையைத்தான் பார்த்தான். என் கையில் நூல் உருண்டை மட்டும். குல்லாவும் ஊசியும் அவர் கையில். பெஞ்சில் உட்கார்ந்து அவர் தைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், நீங்க போயி..."

அத்தை முன்னால் வந்தார். நாலு பேர் காதில் விழும்படியாகவே சொன்னார்.

"எம் புள்ளதாம்பா பின்றான். எப்பவும் அவன்தான். உங் கழுத்துல கிடக்குதே, அதுவும் எம் புள்ள பின்னுனதுதான்."

அண்ணன் மஃப்ளரைத் தொட்டுப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். அவன் சிரித்துவிடுவானோ என்று பயந்தேன். அவன் நடந்து போய், தான் நனைந்தபடி, குடையை அவர் தலைக்கும் அந்தக் குல்லாவுக்கும் மேலே பிடித்துக்கொண்டு நின்றான்.

"மெதுவாத் தைங்க மச்சான். வண்டி வெளியில நிக்குது."

ஆஸ்பத்திரியில் அம்மா எங்களைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தார். பஞ்சுக்குள்ளே அக்காவின் குழந்தை அணில் குஞ்சு மாதிரி கிடந்தது. தோல் சிவந்து, நரம்பு தெரிந்தது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. டாக்டரம்மா குல்லாவை வாங்கி, உள்ளும் புறமும் தடவிப் பார்த்து, குழந்தையின் தலையில் மாட்டினார். அவ்வளவு சின்னதாகப் பின்னியும் புருவத்துக்குக் கீழே இறங்கியது. ஒரு மடிப்பு மடித்துவிட்டார். "இனிமே குழந்தைய அம்மா நெஞ்சோட நெஞ்சா வைங்க. காலுறை எப்ப வரும்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கம்பியோடு அங்கேயே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் ஒரு ஜோடி காலுறை முடிந்தது. மறுநாள் கையுறை. அதற்கு மறுநாள் ஒரு சின்னப் போர்வை. போர்வையை நான் பின்னினேன், ஓரத்தை அவர் முடித்தார். ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டார். பிரசவ வார்டு வராந்தாவில் பெண்டாட்டிக்காகக் காத்திருக்கும் ஆண்களுக்கு நகத்தைக் கடிப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது. அவர்களெல்லாம் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நெய்வேலியிலிருந்து ஓடிவந்த அக்கா வீட்டுக்காரர் சகலையின் காலடியில் உட்கார்ந்து, நூலைப் பிடித்துக்கொண்டே அழுதார்.

நாலாம் நாள் குழந்தை அழுதது. முதலில் பூனை முனகுவது மாதிரி ஒரு சத்தம். பிறகு வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீறிட்டது. டாக்டரம்மா ஓடிவந்து, பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "சூடா இருக்குது!" என்று சிறுபெண் மாதிரி கையைத் தட்டினார். அம்மா மாரியம்மனைக் கூப்பிட்டார். அத்தை என்னைக் கட்டிக்கொண்டார். அவர் மட்டும் வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றதால் கண்ணி தெரியவில்லை என்று பிறகு சொன்னார்.

அன்றைக்கே பக்கத்துக் கட்டிலில் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பையன் பிறந்தான். அதுவும் எடை குறைந்த குழந்தை. டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். எங்களிடம் நூல் தீர்ந்துவிட்டிருந்தது. எல்லோரும் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் அண்ணன் கழுத்திலிருந்து மஃப்ளரைக் கழற்றினான். ஊர் முழுக்க அவன் காட்டிப் பெருமையடித்த மஃப்ளர்.

"இதப் பிரிங்க மச்சான்."

அந்தப் பிள்ளையின் அப்பாவும் வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நூல் பிரிவதைப் பார்த்தார், கம்பி ஓடுவதைப் பார்த்தார். "நாங்க வலை பின்ற மாதிரிதான். கயிறுதான் மெலிசு" என்று சொல்லிவிட்டு, அறுந்த நூலை அவரே முடிந்து முடிந்து கொடுத்தார். நீலக் குல்லா இருட்டுவதற்குள் தயாராகிவிட்டது. அந்தப் பையனும் பிழைத்தான். மார்கழியில் ஒருநாள் அவன் அப்பா ஒரு கூடை வஞ்சிர மீனோடு சிதம்பரத்துக்கே வந்து எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "குல்லா பின்னுன சார் வீடு இதானே?" என்று தெருவே கேட்கிற மாதிரி விசாரித்தார்.

சிதம்பரத்துக்குத் திரும்பிய பிறகு அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதே நின்றுபோனது. அத்தை அவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்த் தெரு பார்த்த முன் வராந்தாவில் போட்டார். குவார்ட்டர்ஸில் முதல் இரண்டு நாள் சிரித்தார்கள். அத்தை அதற்கு மேல் சிரித்துப் பேசினார். பெண் குழந்தை பிழைத்த கதையைக் கீரைக்காரியிலிருந்து புரொபசர் வீட்டு அம்மாள் வரைக்கும் சொன்னார். சொல்லும் ஒவ்வொரு தடவையும் ரயிலில் இருந்த கூட்டம் கொஞ்சம் பெரிதாகும், ஆற்றுத் தண்ணீர் கொஞ்சம் உயரும். தை பிறப்பதற்குள் புரொபசர் ஒருவரே, ஸ்வெட்டர் கழுத்து எப்படி வளைப்பது என்று தெரிந்துகொள்ளப் படியேறி வந்துவிட்டார். மழையில் விறைத்துப்போகிற விரலோடு கஷ்டப்பட்ட என் வீட்டுக்காரருக்கு, பின்னப் பின்ன அந்த வருஷம் பனிக்காலம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அடுத்த மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா, அண்ணன், நெய்வேலியிலிருந்து அக்காவும் மாமாவும் குழந்தையும். அத்தை விடிவதற்கு முன்பே களி கிண்டி, ஏழு காய் போட்டுக் குழம்பு வைத்துவிட்டார். பனி மூட்டத்தில் எதிரே வருகிறவர் முகம் தெரியாது. அப்படியே தேர் பார்க்கக் கீழ வீதிக்கு நடந்தோம். குழந்தை அண்ணன் தோளில். ஒரு வயசாகி, கன்னம் உப்பி, இரண்டு பல்லோடு இருந்தாள். தலையில் அவர் புதிதாகப் பின்னிக் கொடுத்த மஞ்சள் குல்லா, உச்சியில் ஒரு குஞ்சம்.

"எங்க மச்சான் பின்னுனது. ஆமாம், ஆம்பளதான். பட்டாளத்துல இருந்தவரு" என்று அண்ணன் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். வடத்தைப் பிடித்தவர்கள் குரல் கொடுத்தார்கள். தேர் அசைந்தது. அந்தச் சமயம் பார்த்துக் குழந்தை இரண்டு கையாலும் குல்லாவைப் பிடித்து இழுத்துக் கழற்றிக் கூட்டத்துக்குள் எறிந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"அய்யோ, குளிருமே!" என்று அம்மா பதறினார்.

அக்கா அவள் தலையைத் தொட்டுப் பார்த்தாள். அந்தப் பனியில் அடுப்புப் பக்கத்துச் சுவர் மாதிரி கதகதவென்று இருந்ததாம். "அவளுக்கா குளிரும்?" என்று அக்கா சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. குழந்தையை என்னிடம் திணித்துவிட்டு அண்ணன் குல்லாவைத் தேடிக் கூட்டத்துக்குள் பாய்ந்தான். அவன் திரும்பி வருவதற்குள் தேர் தெருமுனையைத் தாண்டிப்போய்விட்டது. யாரோ மிதித்ததில் குல்லா சேறாகியிருந்தது. அவர் அதை வாங்கி உதறிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குழந்தை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வெறுந்தலையோடு, தேர் போன பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தாள். களி ஆறிவிடும் என்று அத்தை எங்களை விரட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.